மூன்று வாரம் சொட்டிய குழாய்: டர்பனில் எங்கள் கீசர் வெடித்த கதை

தென்னாப்பிரிக்காவில் வீடு வாங்கியிருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் தயவுசெய்து ஒரு தடவை சீலிங்குக்கு மேலே ஏறி அங்கே இருக்கும் கீசரைப் பாருங்கள். ஏற முடியாவிட்டால் ஏறத் தெரிந்த ஒருவரை அனுப்பி நாலு படமாவது எடுத்து வரச் சொல்லுங்கள். ஆறு வருடம் நான் அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் 24,600 ராண்டும் பதினோரு வாரத் தூக்கமும் மிச்சமாகியிருக்கும். யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அந்த நாட்களில் எத்தனையோ முறை நினைத்தேன். அதனால்தான் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். கல்யாணமாகி டர்பன் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. 2018ல் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இந்த வீட்டை வங்கிக் கடனில் வாங்கினோம். 1960களில் நகராட்சி கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர், மகனோடும் மருமகளோடும். நாலு தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பம். அவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. தெருவே அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடும். என் கணவருக்கு அங்கோலா கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை. நாலு வாரம் அங்கே, நாலு வாரம் வீட்டில். இது நடந்தபோது அவர் போய் ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் நானும் ஒன்பது வயது மகளும் மட்டும்.

ஊரில் எங்களுக்குத் தெரிந்த கீசர் குளியலறைச் சுவரில் கண்ணுக்கு எதிரே தொங்கும். பத்து, பதினைந்து லிட்டர் பிடிக்கும். குளிக்கும் முன் போட்டு, குளித்ததும் அணைப்போம். இங்கே அப்படி இல்லை. 150 லிட்டர், 200 லிட்டர் தொட்டி கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் படுத்திருக்கிறது. 24 மணி நேரமும் மின்சாரம் போகிறது, குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தை எப்போதும் தாங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டிலேயே அபாயமான சாதனம் இதுதான், நாம் ஒரு முறைகூடப் பார்க்காத சாதனமும் இதுதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் குவாசூலு-நடால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதற்கப்புறம் நான் கூரைத் தகரக் கால்வாய், பின்பக்க மண்சுவர், வடிகால் எல்லாவற்றையும் மழைக்கு முன் போய்ப் பார்ப்பேன். தண்ணீர் என்றால் வெளியிலிருந்துதான் வரும் என்ற எண்ணம்.

முதல் அடையாளம் செப்டம்பர் நடுவில் தெரிந்தது. வீட்டின் பின்பக்கம், ஓரக் கூரைக்குக் கீழே ஒரு செம்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அது எதற்கு என்று எனக்குத் தெரியாது. ஒரு காலையில் அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நேர் கீழே என் கறிவேப்பிலைத் தொட்டி. அதை நகர்த்திவிட்டு அங்கே ஒரு வாளியை வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் பாதி வாளி. வீணாகவில்லையே என்று அதைச் செடிக்கு ஊற்றினேன். மூன்று வாரம் தினமும் இதே வேலை. சில நாள் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட இருந்தது. வெயிலில் சூடாகியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது அடையாளம் மின்சாரம். எங்களுடையது முன்கட்டண மீட்டர். 500 ராண்டுக்கு வாங்கினால் பன்னிரண்டு நாள் வரும். அந்த மாதம் ஒன்பது நாளில் தீர்ந்தது. கட்டணம் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது, நடைபாதைச் சீலிங்கில், பூஜை அலமாரிக்கு நேர் மேலே, தேநீர்க் கறை மாதிரி பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம். முதலில் ஐந்து ராண்ட் நாணய அளவு. புரட்டாசிக்கு வீடு துடைக்கும்போது ஏணி போட்டு அதைத் துணியால் துடைத்தேன். விளக்குப் புகை என்றுதான் நினைத்தேன். பலகை விரலுக்கு மெத்தென்று அமுங்கியது. அமுங்கியதைக் கவனித்தேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

இந்த மூன்றுக்கும் அர்த்தம் பிறகு ஒரு நல்ல பிளம்பர் சொல்லித்தான் புரிந்தது. தெருவிலிருந்து வருகிற தண்ணீரின் அழுத்தத்தைக் குறைக்க கீசருக்கு முன்னால் ஒரு அழுத்த வால்வு இருக்கும். பெரும்பாலான வீடுகளில் 400 கிலோபாஸ்கலுக்குக் குறைக்கிற வால்வு. சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான இடம். ராத்திரியில் யாரும் தண்ணீர் திறக்காத நேரத்தில் குழாயில் அழுத்தம் ஏறும். அந்த வால்வு கெட்டுப்போனால் ஏறிய அழுத்தம் அப்படியே தொட்டிக்குள் போகும். தொட்டியில் கடைசிக் காவலாக இன்னொரு பாதுகாப்பு வால்வு உண்டு. அழுத்தமோ சூடோ எல்லை மீறினால் அது தண்ணீரை வெளியே விடும். வெளியே வரும் வழிதான் அந்தச் செம்புக் குழாய். அதாவது நான் செடிக்கு ஊற்றியது அந்த வால்வு மூன்று வாரமாக வெளியே தள்ளிக்கொண்டிருந்த தண்ணீர். சூடு தண்ணீர் வெளியே போகப் போக, புதிதாக வந்த பச்சைத் தண்ணீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டும் அல்லவா? யூனிட்கள் அதில்தான் கரைந்தன. தண்ணீர் சூடாகும் நேரத்தில் கொஞ்சம் சொட்டுவது சில வீடுகளில் சாதாரணம், அதற்குப் பயப்பட வேண்டாம். நாள் முழுக்கச் சொட்டினால், ஒழுகினால், ஆவி வந்தால் அன்றைக்கே டிபி போர்டில், அதாவது வீட்டின் மெயின் சுவிட்சுகள் இருக்கும் பெட்டியில், கீசர் சுவிட்சை அணைத்துவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

சீலிங் கறைக்குக் காரணம் வேறு. கீசருக்கு அடியில் டிரிப் டிரே என்று ஒரு தட்டு இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு குழாய் சுவருக்கு வெளியே வர வேண்டும். எங்கள் வீட்டில் தட்டு இருந்தது. குழாய் மட்டும் கூரைக்குள்ளேயே, சீலிங் பலகைக்கு மேலே, அரை அடி நீளத்தில் முடிந்திருந்தது. யாரோ பாதியில் விட்டுப் போன வேலை. வெளியே வந்திருந்தால் தொட்டி கசிய ஆரம்பித்த அன்றே பின்முற்றத்தில் தண்ணீர் தெரிந்திருக்கும். இப்போதே எழுந்து போய் உங்கள் வீட்டுப் பின்பக்கம் ஓரக் கூரையைப் பாருங்கள். கீசருக்காக குறைந்தது இரண்டு குழாய் வெளியே வந்திருக்க வேண்டும். ஒன்று வால்விலிருந்து வரும் உலோகக் குழாய். இன்னொன்று தட்டிலிருந்து வரும், அதைவிடத் தடிமனான பிளாஸ்டிக் குழாய். ஒன்றுதான் இருக்கிறதென்றால் இன்னொன்று எங்கே முடிகிறது என்று கண்டுபிடியுங்கள். தடிமனான குழாயில் தண்ணீர் வந்தால் தொட்டியோ அதன் இணைப்போ கசிகிறது என்று அர்த்தம். அதற்கு நாளைக்கு என்று தள்ளிப்போட நேரமில்லை.

2024 அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை. மறுநாள் புரட்டாசி மூன்றாம் சனி. இங்கே தமிழ்க் குடும்பங்கள் புரட்டாசி விரதத்தை ஊரைவிடக் கண்டிப்பாகப் பிடிப்பார்கள். நானும் மறுநாள் தளிகைக்கு உளுந்து ஊறப்போட்டு, பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, பத்தரை மணிக்குப் படுத்தேன். கண் அசந்திருக்கும். தலைக்கு மேலே 'டம்' என்று ஒரு சத்தம். பிறகு மழை கொட்டுகிற சத்தம், ஆனால் வீட்டுக்குள்ளே. ஓடி வந்து பார்த்தால் நடைபாதை விளக்கின் கண்ணாடிக் கூண்டுக்குள் தண்ணீர் நிரம்பி, விளக்கு எரிந்தபடியே ஆடிக்கொண்டிருக்கிறது. சீலிங் பலகை வயிறு மாதிரித் தொங்குகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கிழிந்து, பலகை, பஞ்சு, தூசி, எலிப் புழுக்கை எல்லாம் ஆவி பறக்கிற தண்ணீரோடு பூஜை அலமாரி மேல் விழுந்தது. சாமிப் படங்கள், தேய்த்து வைத்த விளக்கு, மகளின் பள்ளிப் பை எல்லாம் அதற்கு அடியில்.

அப்போது செய்த தவறுகளை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எழுதியாக வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, எரிகிற விளக்கை அணைக்கச் சுவர் சுவிட்சைத் தொட்டேன். நல்லவேளை, அந்த நொடியிலேயே கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்து வீடு இருண்டது. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே விழுகிற சுவிட்ச் அது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் என் மகள் எழுந்து வந்து எதைப் பார்த்திருப்பாள் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அந்தச் சுவிட்சில் ஒரு சின்ன டெஸ்ட் பட்டன் இருக்கும். அழுத்தினால் மின்சாரம் போக வேண்டும். போகவில்லை என்றால் அந்தச் சுவிட்சை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் கொட்டும்போது எந்த அறையின் சுவிட்சையும் தொட வேண்டாம். காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு டிபி போர்டில் மெயினை இறக்குங்கள். டிபி போர்டே நனைந்திருந்தால் கிட்டே போகாமல் வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீரை அடைப்பது. எங்கே அடைப்பது என்று எனக்குத் தெரியாது. ஆறு வருடமாக அந்த வீட்டின் சொந்தக்காரி, மெயின் ஸ்டாப்காக் எங்கே இருக்கிறது என்று தெரியாது! சமையலறைத் தொட்டிக்கு அடியில் தேடினேன், குளியலறையில் தேடினேன். மகள் போனில் வெளிச்சம் அடித்துக்கொண்டே பின்னால் அழுதுகொண்டு வந்தாள். கீசர் ஒரு பக்கம் காலியாக, மறுபக்கம் தெருத் தண்ணீர் நிற்காமல் அதற்குள் வந்துகொண்டே இருக்கும், நாம் அடைக்கும் வரை. சத்தம் கேட்டுத் தாத்தா வேலிக்கு அந்தப் பக்கம் வந்தார். "மா, மீட்டர் பெட்டி, மீட்டர் பெட்டி!" என்று கத்தினார். வெளியே புல்வெளி ஓரத்தில் மீட்டர் பெட்டி இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே முழுக்க மண், எறும்புப் புற்று. கரண்டியால் தோண்டித்தான் வால்வையே பார்த்தேன். துருப்பிடித்துத் திரும்பவில்லை. தாத்தாவின் மகன் வந்து குறடு போட்டுத் திருப்பினார். சத்தம் கேட்டதிலிருந்து தண்ணீர் நின்றது வரை இருபத்தைந்து நிமிடம். பிளம்பர் பிறகு சொன்னார், முதல் இரண்டு நிமிடத்தில் அடைத்திருந்தால் சீலிங்கில் ஒரு பலகையோடு போயிருக்கும் என்று. எங்களுக்கு நடைபாதையும் மகள் அறையில் பாதியும் போயிற்று.

இப்போது அந்தப் பெட்டியை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்து, வால்வை ஒரு தடவை மூடித் திறக்கிறேன். மகளுக்கும் செய்யக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

அதற்கப்புறம் நடந்தவைதான் பணத்தைத் தின்றவை. பதினொன்றே கால் மணிக்கு, கடைத்தெரு மின்கம்பத்தில் ஒட்டியிருந்து எப்போதோ போனில் படம் எடுத்து வைத்திருந்த ஒரு 24 மணி நேரப் பிளம்பரின் எண்ணைக் கூப்பிட்டேன். வந்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், அடியில் வெல்டிங் பிளந்துவிட்டது, புதுசுதான் என்றார். வந்ததற்கு 2,800 ராண்ட். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புதுக் கீசரோடு வந்து மதியத்துக்குள் மாட்டிவிட்டார். 11,500 ராண்ட், ரொக்கமாகக் கேட்டார். ஏடிஎம்மில் எடுத்துக் கொடுத்தேன். ரசீது அப்புறம் அனுப்புகிறேன் என்றார், அனுப்பவில்லை. பழைய தொட்டியைத் தன் பக்கியில் (இங்கே பிக்கப் வண்டியை அப்படித்தான் சொல்வார்கள்) ஏற்றினார். குப்பைக்குப் போடும் வேலை மிச்சம் என்று நான் நன்றிகூடச் சொன்னேன். அன்றைக்கு என் மனநிலை அப்படி. சுடுதண்ணீர் வர வேண்டும், வீடு பழையபடி ஆக வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை தளிகை போடவில்லை. தாத்தா வீட்டு மருமகள் ஒரு தூக்கில் சோறும் பருப்பும் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். அதைச் சாப்பிடும்போதுதான் முதல் முறையாக அழுதேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சொன்னபோது ஒருவர் கேட்டார், "பாண்ட் வீடுதானே, கீசர் இன்சூரன்ஸில் வருமே, கூப்பிடவில்லையா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாண்ட் என்றால் வீட்டுக்கான வங்கிக் கடன். அதை எடுக்கும்போது கட்டட இன்சூரன்ஸ் கட்டாயம். மாதாமாதம் பணம் பிடிக்கிறார்கள், பாலிசி மின்னஞ்சலில் கிடக்கிறது. திறந்து பார்த்தால் முதல் பக்கத்திலேயே அவசர எண், இரவும் பகலும் கூப்பிடலாம் என்று. அவர்களைக் கூப்பிட்டிருந்தால் அவர்களே பிளம்பரை அனுப்பியிருப்பார்கள், நான் என் பங்காக எக்செஸ் தொகை மட்டும் கட்டியிருப்பேன். இன்றைக்கே உங்கள் பாலிசியைத் திறந்து அந்த எண்ணைப் போனில் சேமியுங்கள், வீட்டில் எல்லோருடைய போனிலும்.

கோரிக்கை கொடுத்தேன். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்தது ஒன்பது நாள் கழித்து. நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். பழைய கீசர் எங்கே என்றார். இல்லை. அதன் பெயர்த்தகட்டுப் படம்? இல்லை. பிளம்பரின் ரசீது? இல்லை. பதிவு பெற்ற பிளம்பர் தரும் சான்றிதழ்? அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். எப்போதிலிருந்து சொட்டியது என்று கேட்டார். மூன்று வாரம், வாளி வைத்துச் செடிக்கு ஊற்றினேன் என்று உள்ளதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது: பராமரிப்புக் குறைவு, படிப்படியாக ஏற்பட்ட சேதம், கோரிக்கை முழுவதும் நிராகரிக்கப்படுகிறது. உண்மையைச் சொன்னதற்கா இந்தத் தண்டனை என்று அன்று இரவு குமுறினேன். யோசித்துப் பார்த்தால் பொய் சொல்லியிருக்கவே கூடாது. பொய்யென்று தெரிந்தால் கோரிக்கை மட்டுமல்ல, பாலிசியே போய்விடும். ஆனால் அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் தேவையில்லை.

கணவர் போனில் சொன்ன யோசனைப்படி நிறுவனத்தின் உள்புகார்ப் பிரிவுக்கு எழுதினேன். கோபத்தைக் காட்டாமல் தேதிவாரியாக எழுதினேன். பாலிசியின் எந்த விதியின் கீழ் நிராகரித்தீர்கள் என்று எழுத்தில் கேட்டேன். கீசர் தேய்ந்து போனது வேறு, திடீரென்று வெடித்த தண்ணீரால் சீலிங்கும் மின்கம்பியும் கெட்டது வேறு, பின்னதற்கு என் பாலிசியில் தனி விதி இருக்கிறது என்று அந்தப் பத்தியின் எண்ணைக் குறிப்பிட்டேன். சரியான பதில் வராவிட்டால், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் தேசிய நிதி ஓம்பட் அமைப்புக்குப் போவேன் என்றும் எழுதினேன். 2024 மார்ச்சிலிருந்து வங்கி, இன்சூரன்ஸ், கடன் புகார்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே அமைப்புதான். புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சீலிங், மின்வேலை இரண்டுக்குமான 11,700 ராண்டை ஏற்றுக்கொண்டு, எக்செஸ் 2,500 கழித்து, 9,200 கொடுத்தார்கள். கீசருக்கு ஒன்றும் இல்லை. மகளின் மெத்தைக்கும் புத்தகங்களுக்கும் ஒன்றும் இல்லை, ஏனென்றால் எங்களுடையது கட்டட இன்சூரன்ஸ் மட்டும். உள்ளே இருக்கும் பொருளுக்குத் தனிப் பாலிசி. இரண்டும் ஒன்றென்று ஆறு வருடம் நினைத்திருந்தேன்.

இதற்கு நடுவில் புதுக் கீசரே தொல்லை கொடுத்தது. மூன்றாவது வாரம் மறுபடி சீலிங்கில் ஈரம். இந்தத் தடவை விசாரித்து, பிளம்பர் பதிவு வாரியமான பிர்ப்பில் (PIRB) பதிவு எண் இருக்கிற ஒருவரைக் கூப்பிட்டேன். மேலே ஏறினார், இறங்கி வந்து என் கையில் அவர் போனைக் கொடுத்தார். தட்டின் குழாய் பழையபடி கூரைக்குள்ளேயே. வால்வின் வெளியேற்றுக் குழாய் பிளாஸ்டிக். கொதிக்கிற தண்ணீர் வந்தால் உருகி வளையும், உலோகமாகத்தான் இருக்க வேண்டும் என்றார். பழைய அழுத்த வால்வையே திரும்ப மாட்டியிருந்தார்கள், எல்லாவற்றுக்கும் மூலமான அதே வால்வு! வேக்யூம் பிரேக்கர் இரண்டும் இல்லை. தெருக் குழாயில் தண்ணீர் வராமல் நின்றுபோனால் குழாய் தொட்டியிலிருந்து தண்ணீரைப் பின்னோக்கி உறிஞ்சும். அப்போது காற்றை உள்ளே விட்டு, தொட்டி உள்வாங்கி நசுங்காமல் காப்பது அந்தச் சின்னப் பித்தளைத் துண்டுதான். இந்த நாட்டின் கீசர் பொருத்தும் தரவிதி சான்ஸ் (SANS) 10254 இவற்றையெல்லாம் கேட்கிறது. உங்கள் பிளம்பரிடம் அந்த எண்ணைச் சொல்லி, வேலை முடிந்ததும் சான்றிதழ் தருவீர்களா என்று முதலிலேயே கேளுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். திருத்தி அமைத்துச் சான்றிதழ் வாங்க எனக்கு 4,600 ராண்ட் ஆயிற்று.

அவரிடம்தான் ஆனோட் கம்பியைப் பற்றியும் தெரிந்துகொண்டேன். கீசர் தொட்டி எஃகு, உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. பூச்சில் நுண்ணிய விரிசல் இருக்கத்தான் செய்யும். துருவை எஃகுக்கு வர விடாமல் தன் மேல் இழுத்துக்கொள்ள உள்ளே ஒரு மக்னீசியம் கம்பி இருக்கும். அவர் இன்னொரு வீட்டில் எடுத்த பழைய கம்பி ஒன்றைக் காட்டினார். பெருவிரல் தடிமன் இருக்க வேண்டியது, கடித்துத் துப்பிய கரும்புச் சக்கை மாதிரி, நடுவில் கம்பி மட்டும் மிஞ்சி நின்றது. அது கரைந்து தீர்ந்த பிறகு துரு தொட்டியைத் தின்ன ஆரம்பிக்கும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை பார்த்து மாற்றச் சொன்னார். மாற்றியதற்கு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், பராமரிப்புக் குறைவு என்று யாரும் எழுத முடியாது.

குழாயில் தண்ணீர் வராமல் நின்றுபோகிற நாட்களைப் பற்றி டர்பன்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் நின்றால் கீசர் சுவிட்சை அணையுங்கள். வந்ததும் முதலில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து காற்றும் சேறும் போகட்டும். பிறகு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, கக்காமல் ஒரே சீராக வந்த பிறகு கீசரைப் போடுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வைக்கச் சொன்னார், எங்களுடையது 70ல் இருந்ததாம். அதை மாற்ற மூடியைத் திறக்க வேண்டும், உள்ளே மின்கம்பி, ஆகவே நாமே கை வைக்கக் கூடாது.

சீலிங் வேலைக்கு வந்தவர் இரண்டே நாளில் மூடிவிடுகிறேன் என்றார். தாத்தா விடவில்லை. மேலே ஏறி மரச்சட்டத்தில் உளி நுனியால் குத்திப் பார்த்து, "ஈர மரத்தை மூடினா பூஞ்சை வரும், பூச்சி வரும், ரெண்டு வாரம் காயட்டும் மா" என்றார். நடால் கடற்கரையோரம் மரம் அரிக்கும் வண்டுக்குப் பேர்போனது. வீடு விற்கும்போது வண்டுச் சான்றிதழ் கேட்பது இங்கே வழக்கம். எங்களுக்கும் வாங்கும்போது கொடுத்தார்கள், மின்சாரச் சான்றிதழும் கொடுத்தார்கள். அந்த இரண்டும் இருந்ததால் வீடு முழுவதும் சரியாக இருக்கிறது என்று நம்பினேன். கீசரின் பிளம்பிங்கை அவற்றில் எதுவும் பார்ப்பதில்லை. கேப் டவுனில் வீடு கைமாறும்போது பிளம்பிங் சான்றிதழும் வேண்டும். எங்கள் பக்கம் யாரும் கேட்கவில்லை. வாங்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் நீங்களே ஒரு பிளம்பரை ஏற்றிப் பாருங்கள்.

இன்னொன்று, இதை விட்டுவிடக் கூடாது. தட்டின் குழாயை வெளியே கொண்டுவர, சீலிங் ஆளோடு வந்த பையன் கூரை ஓட்டில் டிரில் வைக்கப் போனான். எங்கள் கூரை அந்தக் காலத்து ஆஸ்பெஸ்டாஸ் தகடு. 2008ல் இந்த நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் தடை செய்யப்பட்டது, ஆனால் அதற்கு முன் போட்ட கூரைகள் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இன்னும் நிறைய இருக்கின்றன. உடையாமல் கிடக்கும் வரை பெரிய ஆபத்தில்லை. துளைத்தால், அறுத்தால், உரசிக் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத இழை நுரையீரலுக்குள் போகும். அதன் விளைவு பல வருடம் கழித்துத்தான் தெரியும். தாத்தா கீழேயிருந்து போட்ட சத்தத்தில் பையன் டிரில்லை அப்படியே வைத்துவிட்டான். குழாயைச் சுவர் வழியாகக் கொண்டுவந்தோம்.

செலவைக் கேட்கிறவர்களுக்காக: ராத்திரி வந்த பிளம்பர் 2,800, கீசர் 11,500, திருத்தியது 4,600, எலக்ட்ரீஷியன் 1,900, சீலிங்கும் பெயின்டும் 9,800, மெத்தை, பை, புத்தகங்கள் 3,200. மொத்தம் 33,800. வந்தது 9,200. என் கைக்காசு 24,600 ராண்ட். அலுவலகத்தில் எடுத்த விடுப்பு ஒன்பது நாள்.

கணவர் டிசம்பரில் வந்ததும் இருவருமாக ஏணி போட்டு ஏறினோம். நான் அந்தத் தொட்டியை முதல் முறை பார்த்தது அன்றைக்குத்தான். பெயர்த்தகடு, வால்வுகள், தட்டு, குழாய் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, தேதி போட்டு, பாலிசியோடு ஒரே இடத்தில் வைத்திருக்கிறோம். இறங்குவதற்கு முன் கணவர் டார்ச்சை நடுச்சுவர் இடைவெளி வழியாக அந்தப் பக்கம் அடித்துப் பார்த்தார். தாத்தா வீட்டுக் கீசர். அவர் தட்டின் குழாயும் எங்களுடையதைப் போலவே, கூரைக்குள் அரை அடியில் முடிந்திருந்தது. போன வாரம் அதே பிளம்பரை வைத்து அதை வெளியே கொண்டுவந்தார்கள். 650 ராண்ட் ஆனதாம்.